தூதனுக்கு இன்று யார் முதலாளி

ஆவுடைநல்லூரில் காலையில் எழுந்ததும் பல் விளக்குவதற்கு முன்னால் செய்தித்தாளைத் திருப்பிப் போட்டுக் கடைசிப் பக்கத்தின் கடைசி வரியைப் படிக்கிற பழக்கம் எங்களுக்கு எப்படி வந்தது என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள், பெண் பார்க்க வந்தவர்கள் கேட்பார்கள், ஒரு தடவை கரண்ட் மீட்டர் பார்க்க வந்த புது ஆள்கூடக் கேட்டார், நாங்களும் ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லிவிடுவோம்: எங்கள் ஊர்ப் பத்திரிகைக்கு நாளுக்கு ஒரு முதலாளி, அன்றைக்கு யார் என்று தெரியாமல் மனுஷன் எப்படி அய்யா வேலையைப் பார்ப்பது?

பத்திரிகையின் பெயர் தூதன். நாலு பக்கம். அதை ஆரம்பித்தவர் அணைஞ்சபெருமாள், கல்யாணப் பத்திரிகையும் கருமாதிப் பத்திரிகையும் அடித்துப் பிழைத்துக்கொண்டிருந்தவர், நாட்டைத் திருத்துகிற எண்ணமெல்லாம் அவருக்குக் கிடையாது. ஒரு வருஷம் ஆற்றில் வெள்ளம் வந்து பாலத்தை அடித்துக்கொண்டு போய்விட, மதுரைப் பேப்பர் கொண்டுவரும் பஸ் அக்கரையிலேயே நின்றுவிட, டீக்கடையில் பேப்பர் இல்லாமல் டீ குடிக்க நேர்ந்த ஆண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதாகி, பார்க்கப் பார்க்கப் பழைய வரப்புச் சண்டை, பங்காளிச் சண்டை எல்லாம் ஞாபகத்துக்கு வந்து, சட்டையைப் பிடிக்கிற அளவுக்குப் போய்விட்டது. அணைஞ்சபெருமாள் பார்த்தார். ஆற்றில் தண்ணீர் எந்தப் படி வரைக்கும் நிற்கிறது, அக்கரையில் மாட்டிக்கொண்டவர்கள் யார் யார், எந்தக் கடையில் இன்னும் மண்ணெண்ணெய் இருக்கிறது என்று ஒரு தாளில் அடித்து டீக்கடைக்குக் கொடுத்தனுப்பினார். எல்லோரும் தாளுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டார்கள், ஊர் அமைதியானது. பாலத்தைத் திரும்பக் கட்டி மதுரைப் பேப்பர் வரத் தொடங்கிய பிறகும் அவர் தாளை நிறுத்தவில்லை.

தூதனில் என்ன இருக்கும் என்றால் எங்களுக்கு வேண்டியது இருக்கும். எந்தத் தெருவுக்கு எப்போது குழாயில் தண்ணீர், ரேஷனில் பருப்பு வந்ததா, யார் வீட்டில் துக்கம், எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள், யாருடைய கன்றுக்குட்டி காணாமல் போனது, மறுநாள் அது எங்கே கிடைத்தது. உலகத்தில் எங்கோ சண்டை நடந்தால் இடம் மிஞ்சினால் போடுவார்கள். கடைசிப் பக்கத்தின் அடியில், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் பொடி எழுத்தில் ஒரு வரி, எல்லாப் பத்திரிகையிலும் விதிப்படி இருக்க வேண்டியது, அச்சிட்ட இடமும் உரிமையாளர் பெயரும். அணைஞ்சபெருமாள் இருந்த வரைக்கும் அதில் அவர் பெயர் இருந்தது, யாரும் படித்ததில்லை.

அவருக்கு வாதம் வந்து வலது கை விழுந்தபோது, சங்கரன்கோவிலில் வாழ்க்கைப்பட்டிருந்த மூத்த மகள் உலகம்மை ஒத்தாசைக்கு வந்தாள். புருஷனையும் கூட்டிக்கொண்டு வந்தாள். அவர் மின்வாரியத்தில் இருந்தார், நல்ல மனிதர், அவரைப் பற்றி இந்தக் கதையில் அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. அப்பாவுக்குக் கஞ்சி கொடுத்துவிட்டுப் பத்திரிகையைப் பார்த்துக்கொள்ளலாம் என்று வந்தவள் திரும்பிப் போகவே இல்லை. அணைஞ்சபெருமாள் செத்துப்போனார். ஆண்பிள்ளைக்கு அச்சகம், பெண்பிள்ளைக்குக் கல்யாணத்தின்போதே நகை போட்டாயிற்று என்று பெரியவர்கள் பேசி முடித்தார்கள். இதில் யாருக்கும் எந்தக் கேள்வியும் எழவில்லை, ஊர்க்காரர்களாகிய எங்களுக்கும் எழவில்லை.

அந்த ஆண்பிள்ளை குற்றாலநாதன், உலகம்மைக்கு இளையவன், மதுரையில் டைல்ஸ் கடை வைத்திருந்தான். தீபாவளிக்கு விளம்பரம் நிறைய வரும் சமயத்தில் மட்டும் ஊர்ப் பக்கம் எட்டிப் பார்ப்பான். உலகம்மைதான் காலையில் ஆஸ்பத்திரிக்கும் போலீஸ் ஸ்டேஷனுக்கும் சந்தைக்கும் போவாள், மத்தியானம் எழுதுவாள், சாயந்தரம் கம்ப்யூட்டரில் பக்கம் கட்டுவாள், பிழை பார்ப்பாள், எல்லாம் முடிந்த பிறகு கடைசி வரியில் ‘உரிமையாளர்: அ. குற்றாலநாதன்’ இருக்கிறதா என்று சரிபார்த்து மிஷின் ஓட்டுகிற தங்கப்பழத்திடம் கொடுப்பாள். அந்தப் பெயரைச் சரிபார்க்கிற வேலை மட்டும் பிடிக்கவே இல்லை என்று ஒரு தடவை என் வீட்டுக்காரியிடம் சொல்லியிருக்கிறாள். நான் பஸ் ஸ்டாண்டில் வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருப்பவன், என் வீட்டுக்காரியிடம் சொன்னால் அது எனக்கும் சொன்ன மாதிரி, ஊருக்கும் சொன்ன மாதிரி.

இப்படி இருக்கும்போதுதான் தண்ணீர்த் தொட்டி வந்தது. பெண்கள் பள்ளிக்கூடத்தை ஒட்டி, மதில் சுவருக்கு அந்தப் பக்கம், பானைக்குக் கால் முளைத்த மாதிரி உயரமாக ஒரு மேல்நிலைத் தொட்டி. கட்டியவர் கான்ட்ராக்டர் தவசிமுத்து. திறப்பு விழாவுக்குப் போட்ட தோரணம் நிறம் மாறுவதற்குள் தூணில் சிமெண்ட் உதிரத் தொடங்கி, உள்ளே இருந்த கம்பி வெளியே தெரிந்தது. உலகம்மை போய்ப் பார்த்தாள், படம் எடுத்தாள், திருநெல்வேலியிலிருந்து தெரிந்த இன்ஜினியரை வரவழைத்துக் காட்டினாள். அவர் தூணைச் சுற்றி வந்து, பள்ளிக்கூடத்தைப் பார்த்து, “பிள்ளைகளை இந்தப் பக்கம் விளையாட விடாதீங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு வேகமாகக் கிளம்பிப் போனார்.

அந்த வாரமே குற்றாலநாதன் தவசிமுத்துவோடு அச்சகத்துக்கு வந்தான்.

“அக்கா, இவுகளுக்குக் கொடுத்துரலாம்னு இருக்கேன். பேசி முடிச்சாச்சு.”

“எதைலே?”

“தூதனைத்தான்.”

உலகம்மை கையிலிருந்த காகிதத்தை மேஜையில் வைத்தாள். தவசிமுத்து சிரித்த முகமாக நின்றார். “நீங்க எங்கயும் போக வேண்டாம் தங்கச்சி. நீங்களே இருந்து நடத்துங்க. என்ன, போடுததுக்கு முன்னால எங்கிட்ட ஒரு எட்டு காட்டிட்டுப் போடுங்க, அவ்வளவுதான்” என்றார்.

“யார்கிட்டயும் கேக்காம முடிச்சிட்டியேலே” என்றாள் தம்பியிடம்.

“யார்கிட்ட கேக்கணும்? பேப்பர்ல யாரு பேரு இருக்கு?” என்றான் அவன்.

அவள் மேஜையில் வைத்த காகிதத்தைத் திரும்பக் கையில் எடுத்துக்கொண்டாள். அன்றைக்குச் சாயந்தரமும் வழக்கம்போல் பக்கம் கட்டி, வழக்கம்போல் கடைசி வரியைச் சரிபார்த்துக் கொடுத்துவிட்டு, வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் படுத்துவிட்டாள்.

விடியும்போது தங்கப்பழம் ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினார். “எக்கா, டீக்கடை மகாராசன் பேருல்லா வந்துருக்கு.” தாளில் ‘உரிமையாளர்: தே. மகாராசன்’ என்று இருந்தது. அச்சகத்துக்குப் போய் மிஷினில் மாட்டியிருந்த அச்சுப் பிளேட்டைப் பார்த்தாள், அதில் குற்றாலநாதன் என்றுதான் இருந்தது. துடைத்து மை போட்டு மறுபடியும் ஓட்டினார்கள், மகாராசன் என்றே விழுந்தது. கட்டு எடுக்க வந்த சைக்கிள்காரர்கள் மணி அடித்துக்கொண்டிருந்தார்கள். உலகம்மை, “சரி, நாளைக்குத் திருத்தம் போட்டுக்கிடலாம், அனுப்புங்க” என்று சொல்லிவிட்டாள்.

மகாராசனுக்கு யாரோ படித்துக் காட்டினார்கள். அவர் பாலை ஆற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டார், அப்படியா என்றார், ஆனால் அன்றைக்குப் பூராவும் வடை கட்டுவதற்குத் தூதனைக் கிழிக்க விடவில்லை. “மதுரைப் பேப்பர்ல கட்டுடா, இது நம்ம பேப்பர்” என்று கடையில் நிற்பவனைச் சத்தம் போட்டார்.

மறுநாள் திருத்தம் வந்தது, அதன் கீழேயே உரிமையாளர் என்று தையல்காரர் சாகுல் ஹமீதின் பெயரும் வந்தது. அதற்கு மறுநாள் தபால்காரரின் மனைவி பெயர். பிறகு பூக்கட்டும் ஆவுடைத்தாய், பிறகு ஓய்வு பெற்ற ரெவின்யூ இன்ஸ்பெக்டர், பிறகு வேலை வெட்டி இல்லாமல் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருக்கும் சொக்கு. திருத்தம் போட்டு ஓய்ந்துபோய் உலகம்மை அதை நிறுத்திவிட்டாள். நாங்களும் இது எதனால் என்று இரண்டொரு நாள் பேசிப் பார்த்தோம், மிஷினுக்கு எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டார்கள், பாதிரியார் வந்து ஜெபம் செய்தார், அதற்குள் அவர் பெயரே ஒரு நாள் வந்துவிட்டதால் பிசாசு வேலை என்று சொல்ல அவருக்கும் மனம் வரவில்லை. அப்புறம் காரணத்தை விட்டுவிட்டுக் காரியத்தைப் பார்க்கத் தொடங்கினோம்.

காரியம் நிறைய இருந்தது. அன்றைய முதலாளிக்கு முதல் தாள் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், அவர் குளித்துவிட்டு, நல்ல சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நிற்பார், பார்க்கிறவர்கள் ‘என்ன முதலாளி’ என்று கூப்பிட்டுவிட்டுப் போவார்கள், குறை இருப்பவர்கள் நின்று குறை சொல்லுவார்கள். என் ராசிக்கு ஒரு நாளாவது நல்லதாகப் போடக் கூடாதா என்று கேட்பார்கள், என் மாமியார் துக்கச் செய்தியில் மூக்குத்தி இல்லாத படத்தைப் போட்டுவிட்டீர்கள் என்று அழுவார்கள், அன்றைய முதலாளியும் செய்திடுவோம், பார்த்துக்கிடுவோம், நாளைக்குச் சரியாகிவிடும் என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார். நாளைக்கு அவர் முதலாளி இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும், இருந்தாலும் சொன்னதில் ஒரு ஆறுதல் இருந்தது. என் பெயர் வந்த அன்றைக்கு என் வீட்டில் பாயசம் வைத்தார்கள், பத்து வருஷமாக என்னோடு பேசாத மச்சினன், முதலாளியைப் பார்க்க வேண்டும் என்று சாக்கு வைத்துக்கொண்டு வந்து இரண்டு டம்ளர் குடித்துவிட்டுப் போனான்.

செத்துப்போனவர் பெயர் வந்தால் வீட்டில் விளக்கு ஏற்றினார்கள். சிறையில் இருக்கும் ஒருவர் பெயர் வந்தபோது அவர் அம்மா தாளை மடித்து மடியில் வைத்துக்கொண்டு பாளையங்கோட்டைக்குப் பஸ் ஏறினாள். ஒரு நாள் ஊரில் இல்லாத ஒரு பெயர் வந்தது, மெர்சி பொன்மலர் என்று. யாரது என்று எல்லோரும் விசாரித்துக்கொண்டிருக்கும்போதே சாயந்தரம் சர்ச் தெருவில் ஒரு பெண்குழந்தை பிறந்துவிட, தகப்பன், பெயர் தேடுகிற வேலை மிச்சம் என்று அதையே வைத்துவிட்டான். வார்டு கவுன்சிலர் ஒருவர் தன் பெயர் வரும் வரும் என்று மாலையோடு காத்திருந்தார், வரவில்லை, அவர் வீட்டு வேலைக்காரம்மா பெயர் வந்தது, மாலை வாடிவிடும் என்று அவளுக்கே போட்டார். டெல்லியில் பத்திரிகைகளைப் பதிவு செய்கிற அலுவலகத்திலிருந்து உரிமையாளர் விவரம் கேட்டு எழுதினார்கள், உலகம்மை நடந்ததை நடந்தபடி எழுதியனுப்பினாள், பார்வையிடப்பட்டது என்று முத்திரை குத்தித் திரும்பி வந்தது.

ஆனால் இரண்டு பேர் மட்டும் இந்தக் கொண்டாட்டத்தில் சேராமல் ஒவ்வொரு காலையும் கடைசி வரியை வேறு கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒருவன் குற்றாலநாதன். தவசிமுத்துவின் வக்கீல், பெயர் இப்படிக் கண்டபடி மாறிக் கிடக்கும்போது பத்திரம் எழுத முடியாது, எந்தத் தேதித் தாளில் விற்கிறவர் பெயர் இருக்கிறதோ அன்றைக்கே முடித்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார். ஆகவே அவன் மதுரையிலிருந்து தினமும் காலையில் மகாராசன் டீக்கடைக்கு போன் போட்டு, “இன்னைக்கு யாரு அண்ணாச்சி?” என்று கேட்பான். மகாராசன் சொல்லுவார், அவன் வைத்துவிடுவான்.

இன்னொருத்தி உலகம்மை. ஊரில் எல்லோருக்கும் வருகிறதே, சொக்குவுக்கே வந்துவிட்டதே, ஒரு நாளைக்கு என் பெயர் வராதா என்று அவள் காத்திருந்தாள். வெளியே காட்டிக்கொள்ள மாட்டாள். மிஷினிலிருந்து முதல் தாள் வந்ததும் தங்கப்பழம் கையிலிருந்து வாங்கித் திருப்புவாள், பார்ப்பாள், “சரி, ஓட்டுங்க” என்பாள். அந்தச் ‘சரி’யைக் கேட்டுக் கேட்டுத் தங்கப்பழத்துக்கு மிஷின் மேலேயே கோபம் வந்துவிட்டது. ஒரு நாள் அதை ஸ்பானரால் ஓங்கி அடித்தே விட்டார். “இந்த ஊருல பூனைக்குக்கூடப் போடுவ போல, இந்தப் பொம்பளைக்குப் போட மாட்டியா?” என்று கேட்டார். அது பாட்டுக்கு ஓடியது.

அவளுக்குப் பெயர் வேண்டியிருந்தது ஆசைக்கு மட்டுமல்ல, தொட்டிச் செய்திக்காகவும்தான். அதற்குள் ஒரு காரியம் நடந்திருந்தது. சினிமாக் கொட்டகையில் கக்கூஸ் நாறுகிறது என்று ஒரு சின்னச் செய்தி போட்டிருந்தாள், அன்றைக்குக் கடைசி வரியில் இட்லிக்கடை சண்முகக்கனி பெயர். கொட்டகை மானேஜர் நேராக இட்லிக்கடைக்குப் போய், “நீதானே முதலாளி, பதில் சொல்லு” என்று கத்தி, அடுப்பை எட்டி உதைத்துவிட்டார். மாவெல்லாம் தெருவில் ஓடியது. நாங்கள் மானேஜரைப் பிடித்து உலுக்கினோம் என்றாலும், முதலாளி என்றால் பதில் சொல்லத்தானே வேண்டும் என்று எங்களுக்குள்ளும் ஒரு முணுமுணுப்பு இருந்தது. உலகம்மை புது அடுப்பு வாங்கிக் கொடுத்தாள், சண்முகக்கனியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அதிலிருந்து அவளுக்குப் பயம் வந்துவிட்டது. கக்கூஸுக்கே அடுப்பு போனது என்றால் தொட்டிக்கு என்ன போகும்? யார் பெயர் வருகிறதோ அவர் தலையில் அல்லவா விடியும்? தன் பெயர் வருகிற அன்றைக்குப் போடலாம், தன் பெயர் வருகிற அன்றைக்குப் போடலாம் என்று எழுதி முடித்த செய்தியை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். வரவில்லை.

கார்த்திகை மழை பிடித்தது. பள்ளிக்கூடத்து மதில் மேல் தொட்டியிலிருந்து தேங்காய் அளவுக்கு ஒரு கான்கிரீட் துண்டு விழுந்தது. யாருக்கும் அடியில்லை, இடைவேளை மணி இன்னும் அடிக்கவில்லை, பிள்ளைகள் எல்லாம் வகுப்பில் இருந்தார்கள். கேள்விப்பட்டதும் உலகம்மை குடையைக்கூட எடுக்காமல் நனைந்துகொண்டே டீக்கடைக்கு வந்தாள். பெண்கள் வந்து நிற்கிற கடை இல்லை அது. நாங்கள் எழுந்து இடம் விட்டோம், அவள் உட்காரவில்லை.

“நாளைக்குத் தொட்டிச் செய்தியைப் போடுதேன். யாரு பேரு வரும்னு எனக்குத் தெரியாது. வந்தா தவசிமுத்து சும்மா விட மாட்டான். வேண்டாம்னா இப்பமே சொல்லிருங்க” என்றாள்.

எல்லோரும் டம்ளரைப் பார்த்தோம். கடைசியில் மகாராசன்தான் பேசினார். “எனக்கு ஒரு தடவை வந்தாச்சு, இனிம வராதுன்னு ஒரு தைரியத்துல சொல்லுதேன். போடு தாயீ.”

சொக்கு எழுந்தான். “எனக்கு வந்தா வரட்டும். எங்கிட்ட வந்து எதை உதைப்பான்?”

போடு, போடு என்று எல்லோரும் சொன்னோம். சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் எல்லோரும் அவரவர் சாமியிடம் என் பெயர் வந்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டோம். ரெவின்யூ இன்ஸ்பெக்டர் திடீரென்று மகளைப் பார்க்க வேண்டும் என்று கோவில்பட்டிக்குக் கிளம்பிப் போய்விட்டார்.

விடிந்தது. முதல் பக்கத்தில் தூணின் படம், கம்பி துருத்திக்கொண்டு, கீழே நாலு பத்திச் செய்தி, இன்ஜினியர் சொன்னது, எந்தத் தேதியில் எவ்வளவு உதிர்ந்தது, கட்டியது யார் என்பது எல்லாம் பளிச்சென்று. யாரும் முதலில் அதைப் படிக்கவில்லை. எல்லோரும் திருப்பினோம். கடைசி வரியில், ‘உரிமையாளர்: அ. குற்றாலநாதன்’.

ஒரு நிமிஷம் யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் டீக்கடையில் ஒருவர் சிரித்தார், அப்புறம் தெருவே சிரித்தது, அந்தச் சிரிப்பில் பாதி, தப்பித்தோம் என்கிற சிரிப்பு. அதற்குள் போன் அடித்தது. மகாராசன் எடுத்தார். வழக்கமான கேள்விக்கு வழக்கமான பதிலைச் சொன்னார், “உன் பேருதான்டே” என்று. அந்தப் பக்கம் குற்றாலநாதன் ஓவென்று கத்தியது நின்றவர்களுக்கெல்லாம் கேட்டது. முதல் பக்கத்தில் என்ன செய்தி என்று அவன் கேட்கவில்லை. கேட்காததை மகாராசனும் சொல்லவில்லை. கடைசி வரியை மட்டும் படிக்கப் பழகிக்கொண்டது நாங்கள்தான் என்று நினைத்திருந்தோம், மதுரையில் இருந்துகொண்டு அவனும் பழகியிருக்கிறான்.

அவன் பத்திரத் தாளும் ஒரு பெட்டி அல்வாவுமாக வாடகைக் காரில் வந்து நேராகத் தவசிமுத்து வீட்டில் இறங்கினான். அதே நேரத்தில் பள்ளிக்கூட வாசலில் அம்மாமார்கள் பிள்ளைகளை உள்ளே விட மாட்டோம் என்று ரோட்டில் உட்கார்ந்திருந்தார்கள், நகராட்சிக்காரர்கள் வேறு வழியில்லாமல் தொட்டியின் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள், அது மேட்டுத்தெரு வழியாக ஓடிக்கொண்டிருந்தது. தவசிமுத்து வாசலில் நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து இவன் போய், “அண்ணாச்சி, எம் பேரு வந்துட்டு!” என்றான்.

“வந்துட்டுல்லா” என்றார் தவசிமுத்து, கையில் சுருட்டி வைத்திருந்த தூதனால் அவன் நெஞ்சில் ஒரு குத்து குத்தினார். “எங்கிட்டயே விலை பேசிக்கிட்டு, எம் மேலயே எழுதுதியாலே நீ?”

தவசிமுத்து அவன் மேல் அவதூறு வழக்குப் போட்டார். மன்னிப்புக் கேட்டுத் தூதனில் போட்டால் வழக்கை வாபஸ் வாங்கி, பேசியபடி கிரயமும் முடித்துக்கொள்ளலாம் என்று வக்கீல் சொல்லியனுப்பினார். குற்றாலநாதன் அச்சகத்துக்கு ஓடி வந்தான்.

“எக்கா, தெரியாமப் போட்டுட்டோம்னு ரெண்டு வரி போட்டுரு.”

“தெரிஞ்சுதாம்லே போட்டேன்.”

“எம் பேருல்லா மாட்டிக்கிட்டு நிக்கி!”

“ஆமா. பேப்பர்ல யாரு பேரு இருக்குன்னு நீதானே கேட்ட” என்றாள் உலகம்மை. கோபமாகச் சொல்லவில்லை, களைப்பாகச் சொன்னாள். அன்றைக்குத் தன் பெயர் வராததில் அவளுக்கு இருந்த துக்கம் எங்கள் யாருக்கும் அப்போது புரியவில்லை. அத்தனை பேரையும் கூப்பிட்ட அந்த வரி, தான் உயிரைக் கொடுத்து எழுதிய செய்திக்குக்கூடத் தன்னைக் கூப்பிடவில்லையே என்று என் வீட்டுக்காரியிடம் சொல்லி விம்மி விம்மி அழுதிருக்கிறாள்.

விசாரணை அன்றைக்கு ஊரில் பாதிக் கடை திறக்கவில்லை. கோர்ட்டில் எங்களுக்கு இடம் போதாமல் ஜன்னலில் தொங்கினோம். நடுவர் ஒரு இளவயது அம்மா, கண்ணாடிக்கு மேலே எங்களைப் பார்த்துவிட்டு, குற்றாலநாதனைப் பார்த்து, “தூதன் நாளிதழின் உரிமையாளர் நீங்கள்தானே?” என்று கேட்டார்.

அவன் வேர்த்துக் கொட்டிக்கொண்டு நின்றான். தவசிமுத்துவைப் பார்த்தான், அவர் முறைத்தார். அக்காவைப் பார்த்தான்.

“அம்மா, எனக்கும் அந்தப் பேப்பருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாதும்மா” என்றான். “நான் டைல்ஸ் வியாபாரி. ஒரு வரி நான் எழுதுனதில்ல. மிஷினை எப்படி ஓட்டணும்னு தெரியாது. எங்கக்காதான் எழுதுதா, எங்கக்காதான் அடிக்கா, ஊரூராப் போயி விளம்பரம் வாங்குததும் அவதான். எங்கப்பா போனதுலருந்து அவதான் எல்லாம். எந்தச் சாமி மேல வேணாலும் சத்தியம் பண்ணுதேன், அது அவ பேப்பரு, அவளோடது.”

தவசிமுத்துவின் வக்கீல் பதறி எழுந்து, இது இந்த வழக்குக்குத் தேவையில்லாதது, குறிப்பில் ஏற்ற வேண்டாம் என்றார். விற்கிறவனே என்னுடையது இல்லை என்று சொல்லிவிட்டால் வாங்குகிறவர் எதை வாங்குவார்? நடுவர் அவரை உட்காரச் சொல்லிவிட்டு, சொன்னதை அப்படியே ஏற்றிக்கொள்ளச் சொன்னார். பயத்தில் சொன்னான், தப்பிப்பதற்காகச் சொன்னான், அது எங்களுக்கெல்லாம் தெரியும். இருந்தாலும் அவன் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

நடுவர் உலகம்மையைக் கூப்பிட்டார். அவள் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு முன்னால் வந்து நின்றாள்.

“நீங்கள்தான் உரிமையாளரா? யோசித்துச் சொல்லுங்கள். ஆமாம் என்றால் வழக்கு உங்கள் மேல் திரும்பும். தண்டனைகூட வரலாம். இல்லை என்றால் இல்லை என்று சொல்லிவிட்டுப் போகலாம்.”

ஜன்னலில் தொங்கிக்கொண்டிருந்த நாங்கள் இன்னும் உள்ளே எக்கினோம். இல்லை என்று சொல்லிவிடு தாயீ, என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன், உன் பெயரை ஒரு நாள்கூடப் போடாத பத்திரிகைக்கு நீ ஏன் ஜெயிலுக்குப் போக வேண்டும் என்று. அவள் தம்பியைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

“ஆமாம்மா” என்றாள். “என்னோடதுதான்.”

“பெயர்?”

“அ. உலகம்மை.”

தட்டச்சு செய்கிறவர் அடித்தார். அவர் அடித்து முடிக்கும் வரை காத்திருந்துவிட்டு, உலகம்மை மேஜை பக்கமாக ஒரு எட்டு வைத்து, “கொஞ்சம் காட்டுங்க, பாத்துக்கிடுதேன்” என்றாள். கோர்ட்டில் அப்படியெல்லாம் கேட்கிற வழக்கமில்லை. அவர் நடுவரைப் பார்த்தார், நடுவர் தலையை அசைத்தார். உலகம்மை தாளை வாங்கி, அப்பா போன நாளிலிருந்து மற்றவர்கள் பெயரையெல்லாம் எப்படிப் பார்த்தாளோ அப்படி, விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரைப் படித்தாள். படித்து முடித்தும் திருப்பிக் கொடுக்காமல், அத்தனை பேர் பார்க்க, அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.